நந்தி விலகினால் போதுமா?

அன்றைக்கு மத்தியானம் படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தெருவிலிருந்து முதல்முதலாகச் சட்டக் கல்லூரிக்குப் போயிருக்கிற பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே, சுப்ரீம் கோர்ட்டு லைவ் ஓடுது பாருங்க." நாலைந்து பேர் தலையை நீட்டினோம். அரசியல் சாசன அமர்வு. ஐந்து நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வழக்கறிஞர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பேசுகிறார். டில்லிக்குப் போகாமல், வாசலில் யாரிடமும் பாஸ் கேட்டு நிற்காமல், சேரியிலேயே உட்கார்ந்துகொண்டு நாட்டின் மிகப்பெரிய நீதிமன்றத்தைப் பார்க்கிறோம். பையனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கும்தான்.

சுவரோரம் குந்தியிருந்த தாத்தா எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னா பேசிக்கிறாங்க?" என்றார். நான் எம்.ஏ. தமிழ். பையன் சட்டம் இரண்டாமாண்டு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பையன் ஏதோ நாலு வார்த்தை சொன்னான். தாத்தா, "நல்லாத் தெரியுது. ஒண்ணும் வெளங்கல" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்க் குந்திக்கொண்டார்.

அவர் சொன்ன அந்த ரெண்டு வாக்கியத்தில் ஆரம்பித்த யோசனைதான் இந்தக் கட்டுரை. நீதிமன்றம் திறந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? யாருக்குத் திறந்திருக்கிறது? பார்க்க விட்டுவிட்டால் திறந்துவிட்டதாக ஆகுமா?

நடந்திருக்கிற மாற்றத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஒரு சட்ட மாணவரும் மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் போட்ட வழக்குகளில், நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையில் காட்டலாம் என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றம் முறைப்படி நேரலையைத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் நேரலைக்கு வந்தன. 2023இல் மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒரு வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்பதையெல்லாம் செல்போனிலேயே பார்த்துக்கொள்ள முடிகிறது. இது சின்ன விஷயம் இல்லை. வாய்தா தேதி தெரிந்துகொள்வதற்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய், குமாஸ்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கைகட்டி நின்றவர்கள் நம் ஜனங்கள். எந்தக் கதவு கொஞ்சம் திறந்தாலும் அதில் காலை வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆனாலும் ஒரு பழைய கதை நெஞ்சில் உறுத்துகிறது. பெரியபுராணம் சொல்லும் நந்தன் கதை. ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவன், கோயில் முரசுகளுக்குத் தோல் கொடுத்தவன், திருப்புன்கூருக்குப் போகிறான். உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்க்கலாம் என்றால் நந்தி மறைக்கிறது. சிவன் மனம் இரங்கி நந்தியை விலகச் சொல்கிறார். நந்தி விலகுகிறது, நந்தன் பார்த்துவிடுகிறான். இதைக் கருணை என்று நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதி மார்க்கு வாங்கினேன். கல் நந்தியை நகர்த்தத் தெரிந்த கடவுளுக்கு நந்தனை ஏன் உள்ளே கூப்பிடத் தெரியவில்லை என்று எந்த வாத்தியாரும் கேட்கச் சொல்லவில்லை. பார்வைக்கு வழி விட்டார்கள், காலுக்கு வழி விடவில்லை. உள்ளே போக வேண்டுமென்றால் தில்லையில் தீயில் இறங்க வேண்டியிருந்தது. அதிலிருந்தும் அவன் நந்தனாக வெளியே வரவில்லை, பூணூல் போட்ட முனிவனாகத்தான் வந்தான்.

நேரலை என்பது நீதிமன்றத்தின் நந்தி விலகுவது. நாம் எங்கே நிற்கிறோம் என்பது அதனால் மாறிவிடுவதில்லை.

பார்க்க முடியாததால்தான் நமக்கு நீதி கிடைக்காமல் போனதா? இந்திய நீதிமன்றம் காகிதத்தில் எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த சட்டத்தின் 366ஆம் பிரிவும், விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், இடம் இருக்கும்வரை பொதுமக்கள் வரலாம் என்கின்றன. கீழ்வெண்மணி வழக்கு பூட்டிய அறைக்குள் நடக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து கரியானார்கள். கீழ் நீதிமன்றம் முதல் எதிரி உள்ளிட்ட சில மிராசுதார்களுக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நிறைய நிலம் வைத்திருக்கிற பணக்காரர்கள், அதில் முதல் எதிரி கார் வேறு வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கஷ்டம் என்கிற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியது. இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அச்சாகியிருக்கிறது, ஐம்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குக் காமிரா இருந்திருந்தால், அப்படிச் சொன்னதை நேரலையில் பார்த்திருப்போம். அவ்வளவுதான்.

எல்லோர் முன்னாலும் அநியாயம் செய்ய முடிகிறவர்களுக்குத் திறந்த கதவு என்ன பயத்தைக் கொடுத்துவிடும்? சாதி, மறைவாகச் செய்யப்படுகிற குற்றம் அல்லவே. தெருவில் வைத்து, ஊர் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஊர் பார்ப்பதுதான் அதன் பலமே.

இங்கேதான் 'பொது' என்கிற சொல்லை நாம் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுவழி, பொதுச்சுடுகாடு. இந்தப் 'பொது'களில் எதற்குள் நாம் இருந்தோம்? 1927இல் மகாடில் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். அது நகராட்சியின் குளம். சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்தக் குளத்தை நாங்கள் மட்டுமே பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம் என்றார்கள். அப்படி ஒரு வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1937இல் தீர்ப்புச் சொன்னது. ஒரு குளம் எல்லோருக்கும் பொது என்பதை நிலைநாட்டப் பத்து வருஷம். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், சவதார் குளத்தை நினைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பொதுமக்கள் யார் என்பதுதான்.

அது யார் என்பதை நான் ஒரு சாட்சி விசாரணை நாளில் பார்த்தேன்.

எனக்குப் பெரியம்மா முறை ஆகிறவர். திருவிழாவில் அவர் மகனை அடித்தார்கள். தடுக்கப் போன இவரையும் அடித்து, சாதியைச் சொல்லி, சொல்லக் கூடாத ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. புகார் கொடுக்கச் சொன்னதும் நான்தான், சமாதானத்துக்கு ஆள் வந்தபோது வேண்டாம் என்றதும் நான்தான். எந்த ஊர், எந்தக் கோர்ட்டு என்பது வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், பெஞ்சு முழுக்க எதிரித் தரப்பு ஆட்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இடம் இல்லாமல் சுவரோரமும் நிற்கிறார்கள். எங்கள் பக்கம் மூன்று பேர். அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சைகை காட்டவில்லை. சும்மா பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த நீதிமன்றம். பொதுமக்கள் வரலாம். ஊரே வந்திருந்தது.

குறிப்பிட்ட ஆட்களை வெளியே போகச் சொல்ல நீதிபதிக்கு அதே சட்டப் பிரிவு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

பெரியம்மா நடுங்கிக்கொண்டேதான் சொன்னார், ஆனால் முழுசாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நீதிபதி சுருக்கிச் சொல்ல, அது தட்டச்சாகிக்கொண்டே போனது. செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு தெருக்கோடிவரை நடக்கச் சொன்னார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் நின்றுபோனது. எதிரித் தரப்பு வக்கீல் சிரித்தார். பின்னால் ஊரும் சிரித்தது. கடைசியில் தாளில் இருந்தது ஒரே வரி: 'சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்.' பெரியம்மா கையெழுத்துப் போட்டார். அந்தச் செருப்பு காகிதத்தில் இல்லை. குரல் நின்றது இல்லை. சிரிப்பு இல்லை.

நாளைக்கு இந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும். அங்கே போவது பெரியம்மா அல்ல, இந்தக் காகிதம். சுண்டூரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் 1991 ஆகஸ்ட் 6 அன்று எட்டு தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். நம் மக்கள் போராடி, அந்த ஊருக்கே சிறப்பு நீதிமன்றத்தைக் கொண்டுவந்தார்கள். நீதிமன்றம் நம்மிடம் வந்தது என்று சொல்லத்தக்க அபூர்வமான சம்பவம் அது. சாட்சிகள் தங்கள் மண்ணில் நின்று பேசினார்கள். 2007இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை. 2014இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. ஊரிலே உட்கார்ந்து முகம் பார்த்துக் கேட்ட நீதிமன்றம் நம்பிய சாட்சியை, காகிதம் பார்த்த நீதிமன்றம் நம்பவில்லை.

இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது என்பதுதான் கொடுமை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். அது 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அதில் புதிதாகச் சேர்ந்த 15ஏ பிரிவின் பத்தாவது உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. செய்யலாம் என்று இல்லை, செய்ய வேண்டும் என்று. நேரலைத் தீர்ப்பு வந்தது 2018இல். அதற்கு இரண்டு வருஷம் முந்தியே நீதிமன்றத்துக்குள் காமிரா வேண்டும் என்று சட்டம் சொல்லியாகிவிட்டது, அதுவும் நமக்காக. பெரியம்மா வழக்கில் எங்கள் வக்கீல் இதை வாய்மொழியாகக் கேட்டார். வசதி இல்லை என்று பதில் வந்தது. மேலே நேரலைக்கு வசதி இருக்கிறது. கீழே, அடிபட்டவள் வாயைத் திறக்கும் இடத்தில், ஒரு காமிராவுக்கு வசதி இல்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம். "எல்லாத்தையும் லைவாப் போடணும் பெரியம்மா. அவனுங்க சிரிச்சதை ஊரு உலகமே பாக்கணும்" என்றேன். பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் நின்னதையும்தான பாக்கும்?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. அவரே தொடர்ந்தார். "படம் புடிக்கட்டும் தம்பி. நான் சொன்னது ஒண்ணு, அவரு எழுதுனது ஒண்ணு. அதுக்குப் படம் வேணும். ஆனா அதைக் கொண்டாந்து ஊருல போட்டுக் காட்டாதீங்க. நாளைக்கு அந்தத் தெருவு வழியாத்தான் நான் கொல்லைக்குப் போவணும்."

நான் படித்த படிப்பில் எனக்கு எட்டாத ஒன்று அந்த மரத்தடியில் எட்டியது. வெளிப்படைத்தன்மை எல்லோருக்கும் ஒரே மாதிரி நல்லது என்று நான் நினைத்திருந்தேன். அதிகாரம் உள்ளவனையும் இல்லாதவளையும் ஒரே வெளிச்சத்தில் நிறுத்தினால், அவனுக்கு அது மேடை, அவளுக்கு அது சந்தி. சந்தியில் நிறுத்துவது நமக்குப் புதுசா? காலம் காலமாக நம்மை அங்கேதானே நிறுத்தினார்கள். ஆகவே வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல, அறத்தின் கேள்வி. யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவர் செய்வது வெளிப்படையாக இருக்க வேண்டும். யாருக்கு ஆபத்து இருக்கிறதோ அவருக்கு மறைப்பு வேண்டும். எவ்வளவு அதிகாரமோ அவ்வளவு திறப்பு, எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு மறைப்பு.

வீட்டுக்கு வந்து சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதே 15ஏ பிரிவில், பத்தாவதுக்கு இரண்டு படி மேலே எட்டாவது உட்பிரிவு இருக்கிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களிலும் தீர்ப்புகளிலும் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. பதிவு செய், ஆனால் சாட்சியைக் காட்டிக்கொடுக்காதே. பெரியம்மா கேட்டது அத்தனையும் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் படிக்காமல் அவருக்குத் தெரிந்தது, படித்தும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. நேரலையைப் பார்த்துத்தான் ஜனங்கள் விழிப்படைவார்கள், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் நீதிபதிகளும் வார்த்தையை அளந்து பேசுவார்கள் என்று தோழர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அளந்து பேச வைப்பது வேறு, பதில் சொல்ல வைப்பது வேறு. கோயில் தரிசனம் கொடுக்கும், கணக்குக் கொடுக்காது. நாம் நீதிமன்றத்திடம் தரிசனம் கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம். ஏன் எதிரிக்கு ஜாமீன் கொடுத்தாய், கொடுப்பதற்கு முன் என்னைக் கேட்டாயா என்பது கணக்கு. பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும், அது கட்டாயம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே ஒரு வன்கொடுமை வழக்கில் சொன்னது. ஜாமீன் மனு விசாரிக்கிற அன்று பாதிக்கப்பட்டவர் அங்கே நின்று பேச முடிந்தால், அதுதான் கதவு திறந்த நாள்.

கணக்குக் கேட்க மொழி வேண்டும். தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். கீழ்க்கோர்ட்டில் தமிழ் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் 348ஆம் உறுப்பு ஆங்கிலத்தை வைத்திருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கு அனுமதி கேட்டு 2006இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் செத்த பிறகு ஜாதகம் தமிழில் கிடைத்து என்ன பயன்? வழக்கு நடக்கும்போது, தனக்காக வாதாடுகிறவர் என்ன சொல்கிறார், தன்னைப் பற்றி எதிராளி என்ன சொல்கிறார் என்பது பெரியம்மாவுக்குப் புரிய வேண்டும். புரியாத மொழியில் நடக்கிற நேரலை, திரை விலகிய கருவறையில் நடக்கிற மந்திரம். கூட்டம் பார்க்கும், கன்னத்தில் போட்டுக்கொள்ளும். என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்க முடியாது.

வேறு மாதிரி ஒரு திறப்பையும் நாம் பார்த்திருக்கிறோம். வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2023இல் அதை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி, காகிதத்தோடு நிற்காமல் மார்ச் மாதம் வாச்சாத்திக்கே போனார். இடத்தைப் பார்த்தார், மக்களிடம் பேசினார். செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். முப்பத்தோரு வருஷம் ஆனது, அதைக் கொண்டாட முடியாது. அந்தப் பெண்கள் பின்வாங்காமல் நின்றதால் நடந்தது அது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நீதிமன்றம் தன்னைக் காட்டவில்லை, பார்க்கப் போனது.

அதற்காக நீதிபதியைச் சாமியாக்க வேண்டாம். இரக்கப்பட்டு எழுந்து வருகிற சாமியையே நம்பியிருந்தால், சாமி வராத நாளில் என்ன செய்வோம்? இரக்கம் வேண்டாம், நடைமுறை வேண்டும். இடத்தைப் பார்ப்பதும், சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்வதும், சாட்சியை மறைத்துக் காப்பதும் ஒரு நல்ல மனிதரின் குணமாக இருக்கக் கூடாது. எந்த நீதிபதி வந்தாலும் நடந்தே தீருகிற வேலையாக இருக்க வேண்டும்.

வரும் வாய்தாவில் பெரியம்மா ஒரு மனு கொடுக்கிறார். 15ஏ பிரிவின் பத்தாவது உட்பிரிவின்படி வீடியோ பதிவு, எட்டாவதின்படி மறைப்பு, செருப்பு விடுபட்ட சாட்சியத்துக்காக மறு விசாரணை. வசதி இல்லை என்றால் அதை வாயால் சொல்லாமல் எழுத்தில் உத்தரவாகக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். மேலே கொண்டுபோக அந்த எழுத்து வேண்டும். சமூகச் செயல்பாட்டாளர்களின் உதவியைப் பெற அதே பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருவதால், நானும் கூடப் போகிறேன். மனுவைத் தமிழில்தான் எழுதினேன். எம்.ஏ. தமிழுக்கு அந்த வேலையாவது கிடைத்ததே. சட்டக் கல்லூரிப் பையன் பிரிவுகளைச் சரிபார்த்தான். தாத்தாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது வெளங்குது" என்றார்.